பட்டியலின் மேல் ஒரு விரல்

"டீச்சர், இந்த விரலுக்கு ஒண்ணுமே தெரியலீங்க" என்றார் மாசிலாமணி.

"என்ன தெரியலை?"

"மொத்தம் எத்தனை பேருன்னு கேட்டா முழிக்குதுங்க."

"அதுக்கு என்ன தெரியும்?"

"அடுத்தது யாருன்னு மட்டும் சொல்லுது."

"அப்ப அதையே கேளுங்க சார்" என்று சொல்லிவிட்டு, தமயந்தி தன் டீயை ஊதி ஊதிக் குடித்தாள்.

மாசிலாமணிக்கு வயது அறுபத்தொன்று. டீச்சருக்கு முப்பத்து நான்கு. நரைத்த தலைதான் குருவாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை அங்கே போய் மாசிலாமணி கைகட்டி நிற்கிற அழகைப் பார்த்துவிட்டு வரலாம்.

அந்த இடம் கொல்லிமலை அடிவாரத்தில் இருந்தது. மூடிப்போன ஒரு ஜவ்வரிசி ஆலையின் கிடங்கு. அங்கே தமயந்தி, கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் புரோகிராம் எழுதச் சொல்லிக் கொடுத்தாள். கட்டணம் கிடையாது. அதற்குப் பதிலாக எல்லோரும் சேர்ந்து ஒரு வேலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலை இதுதான். சுற்று வட்டாரத்தில் தனியாகக் குடியிருக்கிற வயதானவர்களுக்குத் தினமும் காலை ஏழு மணிக்குக் கம்ப்யூட்டர் போன் செய்யும். தமயந்தியின் குரல் பேசும். "எந்திரிச்சுட்டீங்களா? நல்லா இருந்தீங்கன்னா ஒண்ணை அமுக்குங்க." அமுக்கினால் சரி. இரண்டு தடவை அடித்தும் எடுக்காவிட்டால், ஒருவர் மொபெட்டை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

யார் போவது என்பதற்கும் ஒரு முறை இருந்தது. அன்றைக்கு யார் எழுதிய புரோகிராம் ஓடுகிறதோ, அவரேதான் போக வேண்டும்.

பட்டியலில் இருக்கிற பெயர்களை ஒவ்வொன்றாகக் கடந்து போவதற்குப் புரோகிராம் எழுதுகிறவர்கள் ஒன்றை வைத்திருக்கிறார்கள். இட்டரேட்டர் என்பார்கள். தமயந்தி அதை விரல் என்றே சொல்லிக் கொடுத்தாள். ரேஷன் கடையில் நோட்டைத் திறந்து பெயர் தேடும்போது வைக்கிறார்களே, அந்த விரல். "அடுத்தது" என்று கேட்டால் ஒரு வரி கீழே நகர்ந்து, அங்கே இருக்கிற பெயரைச் சொல்லும். பெயர்கள் தீர்ந்துவிட்டால் "முடிந்தது" என்று சொல்லும். திரும்பி மேலே வராது. கீழே இன்னும் எத்தனை இருக்கிறது என்று எட்டியும் பார்க்காது.

இதுதான் மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை.

அவர் முப்பத்தைந்து வருடம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலை பார்த்தவர். கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் எத்தனை இலை என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். மனைவி போன பிறகு வீட்டில் ஆள் எண்ணிக்கை ஒன்றாகிவிட்டது. அதை எத்தனை தடவைதான் எண்ணுவது? அதனால்தான் இந்தக் கிடங்குக்கு வந்து சேர்ந்தார், பாவம்.

"மொத்தம் தெரியாம ஒரு வேலையை எப்படிங்க ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார்.

தமயந்தி டம்ளரைக் கீழே வைத்தாள். குருமார்கள் ஒரு கேள்வி கேட்டுச் சீடனை மடக்குவதற்கு முன்னால் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்வார்கள். அவளும் வைத்துக்கொண்டாள்.

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"நாலு இட்லிங்க."

"எத்தனை வாய்?"

"இருபத்தெட்டுங்க."

தமயந்தி இதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் தடுமாறினாள்.

"சரி, ருசி எப்படி இருந்துச்சு? அதைக் கவனிச்சீங்களா?"

"உப்பு ஒரு கல்லு கம்மிங்க. சட்னிக்கு நேத்து உடைச்ச தேங்காயைப் போட்டுட்டாங்க. பொட்டுக்கடலை பரவாயில்லை."

இப்படி ஒரு சீடன் வாய்த்தால் எந்தக் குருதான் என்ன செய்ய முடியும்? தமயந்தி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்ததில் டீ டம்ளர் கவிழ்ந்தது.

"ஜெயிச்சுட்டீங்க சார். உங்க இஷ்டப்படியே எழுதுங்க."

அவர் எழுதினார். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினார். முதலில் மொத்தம் எத்தனை பேர் என்று திரையில் பெரிய எழுத்தில் வரும். அதற்குக் கீழே மீதி எத்தனை என்று வரும். பிறகு போன் ஒவ்வொன்றாகப் போகும்.

ஆடிப் பதினெட்டு வந்தது.

மற்ற மாணவர்கள் எல்லோரும் மலைக்குத் திருவிழா பார்க்கப் போய்விட்டார்கள். தமயந்தி தன் அம்மாவை அழைத்துக்கொண்டு விடியற்காலையிலேயே மோகனூருக்குப் போனாள், காவிரியில் தலை முழுகுவதற்கு. ஒன்பதரைக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

கிடங்கில் மாசிலாமணி மட்டும் இருந்தார். அன்றைக்கு ஓட வேண்டியது அவருடைய புரோகிராம்.

சரியாக ஏழு மணிக்குப் பொத்தானை அழுத்தினார்.

திரையில் வந்தது. மொத்தம்: 163.

அடுத்த வரியும் உடனே வந்தது. மீதி: 0. பணி முடிந்தது.

மாசிலாமணிக்குத் தலைகால் புரியவில்லை. மற்றவர்கள் எழுதிய புரோகிராம்கள் எட்டு மணி வரைக்கும் ஓடும். இவருடையது கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டது. மொத்தமும் சரி, மீதியும் சரி. இந்த இரண்டும் சரியாக இருந்தால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்ப் பழகிய மனிதர் அவர். போய்க் காப்பி போட்டுக்கொண்டார்.

எட்டேகாலுக்குக் கிடங்கு போன் அடித்தது.

"ஏஞ்சாமி, நான் பாவாயி பேசறேன். இன்னைக்கு அந்தப் புள்ளை கூப்புடலையே. அவளுக்கு மேலுக்கு ஏதாச்சும் முடியலையா?"

"நல்லா இருக்காங்கம்மா. கூப்பிட்டாங்களே?"

"எனக்கு வரலைப்பா."

போன் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டார். வைத்த கையோடு மறுபடியும் அடித்தது. பழனிவேல் என்ற ரிட்டயர்டு கண்டக்டர்.

"ஏனுங்க, ஒண்ணை அமுக்கறதுக்காக ஒரு மணி நேரமா போனை மடியிலயே வெச்சுட்டு உக்காந்திருக்கேன். குளிக்கக்கூடப் போகலை. என்ன ஆச்சு உங்களுக்கு?"

மூன்றாவதாக ஒரு அம்மா. பெயரைக்கூடச் சொல்லவில்லை.

"நீங்கல்லாம் நல்லாத்தான இருக்கீங்க? சொல்லுங்க, நான் வேணா பஸ் ஏறி வந்து பாத்துட்டுப் போறேன்."

இந்த உலகம் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை என்று இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். மாசிலாமணிக்கு அப்போது அப்படியெல்லாம் தோன்றவில்லை. கம்ப்யூட்டர் எத்தனை போன் செய்திருக்கிறது என்று ஓடிப் போய்ப் பார்த்தார்.

ஒரு போன் கூடப் போகவில்லை.

யாராவது இன்றைக்கு எடுக்க முடியாமல் கிடந்தால்? அது யாருக்கும் தெரிய வழியில்லை. அடித்தால்தானே எடுக்கவில்லை என்று தெரியும்.

புரோகிராமைத் திறந்து பார்த்தார். எழுத்துக்கள் எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன. பட்டியலில் இருந்த எண்களை அவரே சுற்றலாம் என்று உட்கார்ந்தால், போன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொருவரும் நலம் விசாரித்தார்கள்.

தமயந்தி சொன்னதைவிட முன்னதாகவே, ஒன்பது மணிக்கு வந்துவிட்டாள். ஈரத்தலை. கழுத்தில் புது மஞ்சள் கயிறு. கையில் எலுமிச்சை சாதத் தூக்குப்போசி.

மாசிலாமணி நடந்ததைச் சொன்னார்.

அவள் திரையைப் பார்த்தாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. சுவரில் தொங்கிய பட்டியலை எடுத்து மேஜை மேல் விரித்தாள். மாசிலாமணியின் ஆட்காட்டி விரலைப் பிடித்து, கடைசித் தாளில், கடைசிப் பெயருக்கு அடியில் வைத்தாள்.

"இங்கிருந்து அடுத்த பேரைப் படிங்க."

"இதுக்குக் கீழ பேரே இல்லீங்களே டீச்சர்."

"அதுவும் இதைத்தான் சொல்லிருக்கு."

மாசிலாமணி தன் விரலைப் பார்த்தார். வெறும் காகிதத்தின் மேல் அது நின்றுகொண்டிருந்தது.

"எண்ணறதுக்காக அதைக் கடைசி வரைக்கும் நடக்க வெச்சுட்டேன்" என்றார் மெதுவாக.

"ஆமாங்க."

"அப்புறம் கூப்பிடறதுக்கும் அதே விரலை அனுப்புனேன்."

"ஆமாங்க."

"அது பொய் சொல்லலை."

"இல்லீங்க சார். ஓட விடறதுக்கு முன்னாடி நானும் ஒருதடவை பாத்திருக்கணும். இட்லியைப் பத்திச் சிரிச்சுட்டு விட்டுட்டேன்."

மாசிலாமணி நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நான் போயிடறனுங்க டீச்சர். இந்த வயசுல எனக்கு இது வேண்டாம். யாருக்காவது ஏதாவது ஆயிருந்தா என்னால தாங்க முடியாது."

"எங்க போவீங்க? இன்னைக்கு முறை உங்களுது."

"புரோகிராமைத் திருத்துறதுக்கு எனக்குக் கை வராதுங்க இப்ப."

"அதை யாரு திருத்தச் சொன்னா? உங்களுக்கு வாய் இருக்குதில்ல?"

அவர் விரலை மறுபடியும் பிடித்து, முதல் தாளில் முதல் பெயருக்குக் கொண்டுபோய் வைத்தாள். தன் விரலைப் பட்டியலின் பாதியில் வைத்துக்கொண்டாள். தன் செல்போனை எடுத்தாள்.

"நீங்க மேலேருந்து வாங்க. நான் இங்கிருந்து போறேன். உங்க விரல் எங்க நிக்குதுன்னு நீங்க பாத்துக்குங்க, என்னுது எங்க நிக்குதுன்னு நான் பாத்துக்கறேன்."

மாசிலாமணி முதல் எண்ணைச் சுற்றினார்.

"வணக்கமுங்க. ஆலையிலிருந்து பேசறனுங்க. நல்லா இருக்கீங்களா?"

"யாரு நீங்க? புதுக் குரலா இருக்குது."

"மாசிலாமணிங்க."

"அந்தப் புள்ளை எங்க?"

"பக்கத்துலதான் இருக்காங்க."

"சரி சரி. நான் எதை அமுக்கணும்?"

"ஒண்ணும் அமுக்க வேண்டாமுங்க."

அந்த மனிதர் அப்போதும் அமுக்கினார். காதுக்குள் கீச்சென்று ஒரு சத்தம்.

விரல் ஒரு வரி நகர்ந்தது. அடுத்தவர் மூட்டுவலியைப் பற்றிச் சொன்னார். அதற்கடுத்த அம்மா, பேரன் துபாயிலிருந்து அனுப்பிய போர்வையைப் பற்றி. மாசிலாமணி ஒவ்வொரு பெயரும் முடிந்ததும் மனதுக்குள் கழித்துப் பார்த்துக்கொண்டார். எண்பத்தொன்றில் ஒன்று போனால் எண்பது. எண்பதில் ஒன்று போனால் எழுபத்தொன்பது. பழக்கதோஷம், என்ன செய்வது!

பாவாயி அம்மாள் மறுபடியும் எடுத்தாள். "அதான் நானே பேசிட்டனே" என்றாள். ஆனாலும் வைக்க மனமில்லாமல், ஆடிக்கு என்ன சமைத்தாய் என்று அவரைக் கேட்டாள்.

"இன்னும் இல்லீங்கம்மா."

"மொதல்ல சாப்புடு சாமி."

இருபத்து மூன்றாவது பெயரில் விரல் நின்றது.

போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் சுற்றினார். மறுபடியும் ஓய்ந்தது.

"டீச்சர்."

தமயந்தி தன் போனைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். செங்கோடன், எழுபத்தொன்பது வயது, டிராயிங் மாஸ்டராக இருந்தவர், காரவள்ளி ரோடு. அவள் முகம் மாறிவிட்டது.

"அவரு ஒரு மணிகூட முழுசா அடிக்க விடமாட்டாரே சார், உடனே எடுத்துருவாரே."

மாசிலாமணி மொபெட் சாவியை எடுத்தார்.

ரோடு முழுக்க மலைக்குப் போகிற கூட்டம். வேன்கள், பைக்குகள், பூ விற்கிறவர்கள். ஹாரனை அடித்துக்கொண்டே போனார். வாழ்க்கையில் யாரையும் திட்டாத மனிதர், ஒரு வேன்காரரைத் திட்டினார். நான் செய்ததற்கு இந்த ஆள் போய்விடக் கூடாது, நான் செய்ததற்கு இந்த ஆள் போய்விடக் கூடாது என்று வழியெல்லாம் வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனார்.

வீட்டின் முன்கதவு தாழிட்டிருந்தது. தட்டினார். சத்தமில்லை. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். புறக்கடைக் கதவு திறந்திருந்தது.

செங்கோடன் சமையலறைத் தரையில் சுவரோரமாகக் கிடந்தார். பக்கத்தில் குடம் கவிழ்ந்து, தண்ணீர் ஓடிக் காய்ந்திருந்தது. கண் திறந்திருந்தது.

"யாரு?"

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் மாசிலாமணி அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"மாசிலாமணிங்க. ஆலையிலிருந்து வர்றேன்."

"போன் பண்ற மெஷின் வரலையா?"

"இல்லீங்க. நான்தான் வந்திருக்கேன். எங்கீங்க வலிக்குது?"

"இடுப்பு. அசைச்சா உசுரு போகுது. அசைக்காத."

மாசிலாமணி அசைக்கவில்லை. ஆம்புலன்சுக்குப் போன் செய்து வழி சொன்னார். ஒரு தலையணையை எடுத்து வந்து மெல்லத் தலைக்கு அடியில் கொடுத்தார். துணியைத் தண்ணீரில் நனைத்து உதட்டைத் துடைத்துவிட்டார்.

"எப்பங்க விழுந்தீங்க?"

"ஆறரை இருக்கும். பரவாயில்லை, ஏழு மணிக்குப் போன் வரும், எடுக்கலைன்னா யாராவது வருவாங்கன்னு பேசாம படுத்திருந்தேன்."

மாசிலாமணி துணியை மறுபடியும் நனைத்தார்.

"ஏழாச்சு. எட்டாச்சு. அடிக்கவே இல்லை. சரி, அந்தப் புள்ளைக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சு ஒரே கவலை."

மாசிலாமணி அழுதார். அறுபத்தொரு வயது மனிதர், இன்னொரு வயதானவரின் சமையலறையில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"தப்பு என்னுதுங்க. கூப்பிடறதுக்கு முன்னாடி எல்லாரையும் ஒருதடவை எண்ணிப் பாத்தனுங்க. எண்ணி முடிச்சதும் கூப்பிட யாருமே இல்லாம போயிட்டாங்க."

செங்கோடனுக்கு இதில் என்ன புரிந்ததோ தெரியாது.

"என்னையும் எண்ணுனியா?"

"எண்ணுனனுங்க."

"நான் எத்தனாவது?"

"இருபத்து மூணுங்க."

"எனக்கு முன்னாடி இருக்கறவங்ககிட்டப் பேசிட்டியா?"

"பேசிட்டனுங்க. எல்லாரும் நல்லா இருக்காங்க."

"எனக்குப் பின்னாடி யாரு?"

மாசிலாமணி வாயைத் திறந்தார். மொத்தம் நூற்று அறுபத்து மூன்று என்பது தெரியும். அதில் ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, எண்பது தாண்டியவர்கள் எத்தனை என்று கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார். இருபத்து நான்காவது பெயர் மட்டும் அவருக்கு வரவில்லை.

"தெரியலீங்களே."

"தெரியலையா?" செங்கோடனுக்கு அந்த வலியிலும் கோபம் வந்தது. பள்ளிக்கூடத்தில் கோணலாகக் கோடு போட்ட பையன்களிடம் வந்திருக்கும் கோபம் அது. "வண்டி வர்ற வரைக்கும் என் மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருக்கப் போறியா? அந்த ஆளும் என்னாட்டம் எங்கயாவது விழுந்து கெடந்தா?"

"உங்களை விட்டுட்டுப் போக முடியாதுங்க."

"யாரு போகச் சொன்னது? போன் இருக்குதில்ல கையில?"

மாசிலாமணி முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு கையால் செங்கோடனின் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனை எடுத்தார்.

தமயந்தி முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சார்? அவரு..."

"பேசறாருங்க டீச்சர். இடுப்புலதான் அடி. ஆம்புலன்ஸ் வந்துட்டிருக்குது. என்னைத் திட்டறாரு."

அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"சார், நீங்க அங்கயே இருங்க. அவரைப் பாத்துக்குங்க. இங்க என் பக்கமே இன்னும் முடியலை, எத்தனை பாக்கின்னா..."

"டீச்சர்" என்றார் மாசிலாமணி. "செங்கோடன் ஐயாவுக்கு அடுத்தது யாருங்க?"

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

தமயந்தி ஒரு பெயரைச் சொன்னாள்.